நாற்பத்தேழு நிமிடம் முந்திய நட்சத்திரம்

என் தம்பி அஸ்பாக் எதைக் கழற்றினாலும் அதன் திருகாணிகளை ஒரு சோசரில் வட்டமாக அடுக்கி வைப்பான். முதலில் கழற்றியது மேலே, அடுத்தது அதற்கு வலப்பக்கத்தில், அப்படியே சுற்றிக்கொண்டு போகும். பூட்டும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பான். பத்து வயதில் வீட்டு றேடியோவைக் கழற்றிய நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். இப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பூட்டி முடிந்தபின் ஓர் ஆணி மிஞ்சினால், யாராவது கை வைத்தீர்களா என்று அவன் கேட்டதே இல்லை. தான்தான் எங்கோ பிழை விட்டதாக நினைத்து முழுவதையும் மறுபடி கழற்றுவான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். உம்மா நோயில் படுத்தபோது அஸ்பாக்குக்கு இரண்டு வயது. அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக முடியாது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஏதும் இல்லை. வகுப்பில் கை உயர்த்திக் கேட்கும் பிள்ளையாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றும் அப்படித்தான்.

கல்முனைக் கடைகளில் பாதுகாப்புக் கமராக்களைப் பூட்டுவது அவனுடைய தொழில். அதில் வந்த ஆசையோ என்னவோ, ஆறு வருடத்துக்கு முன் ஒரு தொலைநோக்கியை வாங்கி, அதன் கண்ணில் ஒரு கமராவைப் பூட்டி, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்தான். மழைக்கு மூடிக்கொள்ள ஒரு தகரப் பெட்டி செய்தான். பெட்டியின் மூடியை இழுப்பதற்குப் வாசல் கேற்றைத் தானாகத் திறக்கும் பழைய மோட்டார் ஒன்றைப் பொருத்தினான். அது திறக்கும் சத்தத்தைக் கேட்டு முதல் நாள் பக்கத்து வீட்டு ஜெனூபா, "எந்த வீட்டுக்கு மாப்பிள்ளைட கார் வருது?" என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். வானத்தில் சில நட்சத்திரங்கள் ஒரே ஒளியில் நிற்பதில்லை, மங்கித் தெளியும். அப்படிப்பட்டவற்றை வெளிநாடுகளில் புதிது புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கண்டுபிடித்தால் போதாது, ஒவ்வொன்றும் எப்போது மங்குகிறது, எவ்வளவு நேரம் மங்குகிறது என்று பல இரவுகள் பின்தொடர வேண்டும். பெரிய தொலைநோக்கிகளுக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதனால் உலகத்தின் பல பக்கங்களில் வீட்டு மாடிகளில் சின்னக் கருவி வைத்திருப்பவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து முறை வைத்துப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் விடிந்தால் இன்னோரிடத்தில் இருட்டும். எங்கள் கடற்கரைப் பக்கம் அந்தக் குழுவில் அஸ்பாக் ஒருவன்தான். வரைபடத்தில் 'கல்முனை' என்று ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். அதை எனக்குக் கைபேசியில் காட்டியபோது அவன் முகம் சின்ன வயதில் இருந்த மாதிரி இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அவனுக்குக் கலியாணம் முடிந்தது. எங்களில் வீடு பெண்பிள்ளைக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். இந்தக் கல்முனைக்குடி வீடு எனக்குத் தந்தது, என் கணவரும் இங்கேதான் வந்தார், இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். அஸ்பாக் அக்கரைப்பற்றுக்கு நதீராவின் வீட்டுக்குப் போனான். அங்கே தகரக் கூரை, மாடி இல்லை. தொலைநோக்கி என் வீட்டிலேயே நின்றது.

ஆள் இல்லாமல் அது தானே வேலை செய்யவேண்டும் என்று அவன் பாடுபட்டது அதனால்தான். கைப்பிடியளவு சின்னக் கணினி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, அதற்கான கட்டளைகளை எட்டு மாதமாக எழுதி எழுதித் திருத்தினான். மத்தியானம் குழுவிடமிருந்து பட்டியல் வரும். எந்த நட்சத்திரத்தை எப்போது பார்ப்பது என்று அதுவே தெரிந்தெடுக்கும். இருட்டியதும் மூடியைத் திறக்கும். வானத்தை ஒரு படம் எடுத்து, தான் சரியான இடத்தைத்தான் பார்க்கிறதா என்று திருத்திக்கொள்ளும். மழைத்துளி பட்டால் மூடும். எடுத்த படங்களில் ஒளியை அளந்து, நேரத்தைக் குறித்து, குழுவுக்கு அனுப்பும்.

"என்ட சக்களத்திய உங்கட வீட்டுல வெச்சிப் பாக்கிறீங்க மதினி," என்று நதீரா சொல்லுவாள். "அவவுக்குத் தடிமன் பிடிச்சாலும் இவர் இஞ்ச நித்திர கொள்ளமாட்டார்."

எனக்கு அவன் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்.

"ராத்தா, நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. மின்னல் வந்தா மட்டும் இந்தப் பட்டன அமத்துங்க. பச்ச லைட் நிண்டதும் பிளக்கக் கழட்டுங்க. மின்னல் போனாப்போல திருப்பிக் குத்துங்க, தானா எழும்பும்."

"எழும்பினாப்போல நான் என்ன கேக்கணும், தேத்தண்ணி குடிக்கிறயா எண்டா?"

"அதையும் கேளுங்க. ஆனா எனக்கொரு மெசேஜ் போடுங்க, கழட்டின நேரமும் குத்தின நேரமும். இதுக்குச் சொந்த மணிக்கூடு இல்ல ராத்தா. நிப்பாட்டினா, நிப்பாட்டின நேரத்துலயே நிக்கும். குத்தினதும் இன்டர்நெட்டுலதான் நேரம் கேட்டுத் திருத்தும். மணிக்கூட்டுக்கு ஒரு சின்ன பற்றரி ஓடர் பண்ணியிருக்கன், இன்னும் வரல்ல."

விளங்கியது என்று தலையாட்டினேன். எனக்கு உண்மையாகவே விளங்கியிருந்தது. அதை இங்கே எழுதவேண்டும். விளங்காமல் செய்த பிழை என்று சொன்னால் அது பொய்.

போன ஏப்ரலில் என் மகள் ஆகிலா பதினோராம் வகுப்பு ஓ.எல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் படிக்காத படிப்பு அது. அவள் புத்தகத்துக்கு நடுவில் கைபேசியை வைத்துப் பார்ப்பதைக் கண்டால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். சத்தம் போட எனக்கு வராது. அந்த மாதம் பின்னேரங்களில் மேற்கே நாவிதன்வெளிப் பக்கம் மின்னல் மின்னும், மழை பெய்யாமல் கலைந்துவிடும். ஊரில் எல்லாரும் செய்வதுபோல நானும் மின்னலுக்கு எல்லா பிளக்கையும் கழற்றுவேன். மின்னல் போனபின் மற்றதையெல்லாம் திருப்பிக் குத்திவிட்டு, ரவுட்டரை மட்டும் விட்டுவிடுவேன். மகளிடம், "மின்னலுக்கு ரவுட்டர் பழுதாப்போச்சி போல, காலையில மாமாட்டச் சொல்லிப் பாப்பம்" என்பேன். அவள் பள்ளிக்கூடம் போனபின் குத்திவிடுவேன். இப்படி மூன்று தரம் செய்தேன்.

ரவுட்டர் இல்லாவிட்டால் என் கைபேசியிலும் இணையம் இல்லை. அஸ்பாக்குக்கு மெசேஜ் போகாது. அழைத்துச் சொல்லியிருக்கலாம். பொழுது படும் மஃரிபு தொழுகை நேரத்தில் அவனுடைய மாமியார் வீட்டுக்கு அழைப்பதற்குக் கூச்சம். சொன்னால் ரவுட்டரைப் பற்றியும் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தில் அவன் ஒரு நட்சத்திரத்தில், எங்கள் பேச்சில் ஒரு வெள்ளியில், மிகவும் அக்கறையாக இருந்தான். அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இருபது நாளும் எட்டு மணித்தியாலமும் ஆனால் ஒன்று மற்றதை மறைக்கும், அப்போது ஒளி மங்கும். ஒவ்வொரு தடவையும் எட்டு மணித்தியாலம் தள்ளிப் போவதால், எங்கள் இரவில் அது நடப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். முந்திய தடவை அவனுடைய கருவிதான் அதைப் பிடித்தது. அடுத்தது அந்த ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை இரவு.

அன்று பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு சொல்லி முடிந்த கையோடு மின்னல் தொடங்கியது. மாடிக்கு ஓடிப் பட்டனை அமத்தி, பச்சை விளக்கு நின்றபின் பிளக்கைக் கழற்றினேன். குசினி மணிக்கூட்டில் ஆறு இருபது. தொழுது, யாசீன் ஓதி, வெளியே பார்த்தேன். மேகம் விலகிக்கொண்டிருந்தது. மாடியில் குத்தும்போது ஏழு ஏழு. ரவுட்டரைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மூடி கரகரவென்று திறந்தது. பட்டியல் மத்தியானமே வந்திருந்ததால் அது தன் வேலையைச் செய்தது. படங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. மறுநாள் காலையில் ரவுட்டரைக் குத்தியதும் எல்லாம் போய்ச் சேர்ந்தன. கணினியும் தன் மணியைத் திருத்திக்கொண்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து அஸ்பாக் நதீராவையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தான். படியில் ஏறும்போதே சிரிப்பு.

"ராத்தா, என்ட வெள்ளி முந்தி வந்துட்டு."

"எங்க வந்துட்டு?"

"மங்கவேண்டிய நேரத்துக்கு நாப்பத்தேழு நிமிஷம் முந்தி மங்கியிருக்கு. ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் இல்ல, நாப்பத்தேழு. ரெண்டு வெள்ளிதான் எண்டு நெனச்சோம், கண்ணுக்குத் தெரியாம மூணாவது ஒண்டு இருந்து இழுக்குது போல."

"அங்கயும் ஒரு சக்களத்தி," என்றாள் நதீரா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். ஆறு இருபதிலிருந்து ஏழு ஏழு வரை எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்க்க எட்டாம் வகுப்பு போதும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் வாயில் சோறு இருந்தது, நதீரா பக்கத்தில் இருந்தாள், ஆகிலா எதிரில் இருந்தாள். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடிந்ததும் அவன் இன்னொன்று சொன்னான். குழுவை நடத்தும் பேராசிரியை அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறாராம். அடுத்த மறைப்பு தென் அமெரிக்காவில் இரவாக இருக்கும்போது நடக்கும். அங்கே ஒரு மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் இதற்கென்று ஒன்றரை மணித்தியாலம் வாங்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தை இவன் சொன்னபடி நாற்பத்தேழு நிமிடம் முன்னுக்கு நகர்த்தப்போகிறார்கள்.

"என்ட மாமியார் இண்டைக்குக் காலையில என்னக் கேட்டா ராத்தா, இந்த வேல எப்பிடி எண்டு. மூணு வருஷத்துல முதல் தரம்."

அதற்குப்பிறகு எப்படிச் சொல்வது? அப்படித்தான் அன்று எனக்குப் பட்டது. இன்று யோசித்தால், அதற்குப்பிறகுதான் கட்டாயம் சொல்லியிருக்கவேண்டும்.

அந்த மறைப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். படித்தவர்கள் நான் குத்திய பிளக்கை நம்பியா இருப்பார்கள், அவர்களுக்கே தெரியவரும் என்றேன். மூன்றாவது நட்சத்திரம் உண்மையாகவே இருக்கலாம், நாற்பத்தேழு தற்செயல் என்றேன். ஆகிலாவின் சோதனை முடியட்டும், நான் பொய் சொன்னதை அவள் இப்போது அறிந்தால் மனம் குழம்பும் என்றேன். நான்காம் நாள் அவனுடைய இலக்கத்தை அமத்தினேன். அவன் எடுத்து, "செல்லுங்க ராத்தா" என்றான். "இறால் வாங்கியிருக்கன், வெள்ளிக்கிழம வாறயா?" என்று கேட்டேன்.

"இதக் கேக்கவா கோல் எடுத்தீங்க? ஓம், வாறன்."

பன்னிரண்டு நாளும் போயின.

அந்தப் பெரிய தொலைநோக்கி ஒன்றரை மணித்தியாலமும் அந்த நட்சத்திரத்தையே பார்த்ததாம். ஒளி மாறவில்லை. முடியும் தறுவாயில் கொஞ்சம் மங்கத் தொடங்கியிருக்கிறது. அப்போது நேரம் முடிந்து, கருவியை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நட்சத்திரம் பழைய கணக்கின்படியே, சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தது. பேராசிரியை மரியாதையாகத்தான் எழுதினார். உங்கள் நிலையத்தைப் பரிசோதிக்கும்வரை பட்டியலிலிருந்து நிறுத்திவைக்கிறோம் என்று. பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது.

அஸ்பாக் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் என் மாடியில் இருந்தான். மூடியைக் கழற்றினான், மோட்டாரைக் கழற்றினான், கமராவைக் கழற்றினான். வெயிலில் ஏழு சோசர் பரவிக் கிடந்தது. தான் எழுதிய வரிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தான்.

"நான்தான் எங்கயோ விட்டுட்டன்," என்றான். "எங்க எண்டு தெரியல்ல. எங்க எண்டு தெரியாட்டி, மத்ததெல்லாம் சரி எண்டு எப்பிடிச் செல்ற?"

"மத்ததெண்டா?"

"இது தானா இயங்கத் தொடங்கினதுல இருந்து பதினொரு வெள்ளி பாத்திரிக்கி. பதினொண்டையும் வாபஸ் எடுக்கிறன் எண்டு எழுதப்போறன். பிழையான நேரம் ஒருத்தர்ட கணக்குல போய்க் கிடக்கக் கூடாது. மறுகா இத வித்துருவன்."

கீழே இறங்கித் தேநீர் போட்டேன். சீனியைக் கொட்டிவிட்டேன். இதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இன்னொரு தரம் தண்ணீர் கொதிக்கவைத்தேன். நின்று நின்று போட்டேன். மாடிக்கு ஏறியபோது அவன் கைபேசியைக் கீழே வைத்தான்.

"அனுப்பிட்டன்," என்றான்.

அப்போதுதான் சொன்னேன். மின்னல், ஆறு இருபது, ஏழு ஏழு, ரவுட்டர், ஆகிலாவுக்குச் சொன்ன பொய், எல்லாவற்றையும் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கணினியைத் திறந்து அந்த நாளுக்குரிய பதிவைத் தேடினான். மறுநாள் காலை ரவுட்டர் வந்தபோது மணி ஒரே தாவாகத் தாவியதை அது எழுதி வைத்திருந்தது. நாற்பத்தேழு நிமிடம், சில வினாடி.

"எப்பயிலிருந்து தெரியும்?" என்றான்.

"நீ வெள்ளி முந்தி வந்துட்டெண்டு செல்லக்குள்ளயே."

"வெள்ளிக்கிழம சோறு திண்ணக்குள்ளயா?"

"ஓம்."

"இறாலுக்குக் கோல் எடுத்தீங்களே, அண்டைக்கு?"

"இதச் செல்லத்தான் எடுத்தன்."

பதிவை மூடினான். பிறகு கேட்டான். "அந்த ஒரு நாள்தானா?"

அதுதான் எனக்கு மிகவும் கடினமான கேள்வி. மூன்று தரம் என்றேன். மற்ற இரண்டும் எந்த நாட்கள் என்றான். மார்ச் கடைசியாக இருக்கலாம், ஏப்ரல் முதல் கிழமையாக இருக்கலாம், எனக்கு நினைவில்லை. பழைய பதிவுகளை அந்தச் சின்னக் கணினி ஒரு மாதத்தில் அழித்துவிடும். மெசேஜ் போட்டிருந்தால் திகதியும் நேரமும் அவன் கைபேசியில் இருந்திருக்கும்.

அவன் தேநீரைக் குடிக்கவில்லை. "பிளக்கக் கழட்டினது பிழை இல்ல ராத்தா," என்றான். "அதுக்கு நான் கோவிக்க மாட்டன்." மிச்சத்தைச் சொல்லாமல் படியிறங்கிப் போனான்.

சோதனை முடிந்த அன்று ஆகிலாவிடமும் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"உம்மா, பழைய கணக்குப் பேப்பர் எல்லாம் ஃபோன்லதானே டவுன்லோட் பண்ற. ரவுட்டர் பழுதெண்டு கூட்டாளி நுஸ்ஹாட வீட்டுக்குப் போய் அவட வைஃபையில பாத்தன். படம் பாக்கிறன் எண்டா நெனச்சீங்க?"



நான்கு வெள்ளிக்கிழமை அஸ்பாக் வரவில்லை. நதீராதான் அழைத்தாள். "மதினி, இவர் உங்களோட கோவம் எண்டு செல்றார் இல்ல, கோவம் இல்ல எண்டும் செல்றார் இல்ல. எனக்கு ரெண்டு பேரையும் வெச்சிச் சமாளிக்க ஏலா. நீங்க இஞ்ச வாங்க." பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போனேன். அவனுடைய மாமியார் முன்னால், பேராசிரியைக்கு நடந்ததை எழுதும்படியும், என் பெயரைப் போட்டு எழுதும்படியும் கேட்டேன். வெளியாட்கள் முன்னால் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தரம்.

அவன் எழுதினான். வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது, அறிவிக்கப்படவில்லை என்று மட்டும் எழுதினான். பெயர் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவங்களுக்கு நேரம்தான் தேவ, ஆள் இல்ல," என்றான்.

பெரிய தொலைநோக்கியின் ஒன்றரை மணித்தியாலத்தை யாரும் திருப்பித் தர முடியாது. அந்த நட்சத்திரத்துக்கு இந்த வருடம் மறுபடி நேரம் கேட்டு, கிடைக்கவில்லை. இடையில் அந்த நட்சத்திரம் பகல் வானத்துக்குப் போய்விடும், பிறகு மாரி மழை; எங்கள் மாடியிலிருந்து அதன் மறைப்பை இனி அடுத்த பெப்ரவரியில்தான் பார்க்கலாம்.

மணிக்கூட்டுப் பற்றரி வந்து, பூட்டியாயிற்று. மாடிக்கென்று தனி வயர் இழுத்து, மின்னலைக் கண்டால் தானே துண்டிக்கும் ஒரு பெட்டியையும் வைத்திருக்கிறான். நான் எதையும் தொடத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட வருகிறான். நட்சத்திரங்களைப் பற்றி நதீராவோடும் ஆகிலாவோடும் கதைக்கிறான். நான் கேட்டால் பதில் சொல்கிறான், தானாக என்னிடம் சொல்வதில்லை.

கல்முனை நிலையம் ஓகஸ்ட் மாதத்திலிருந்து மறுபடி பட்டியலில் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு அது அனுப்பும் நேரங்களை இன்னொரு நிலையமும் உறுதிப்படுத்தினால் மட்டுமே ஏற்பார்கள். பதினொரு நட்சத்திரங்களில் எட்டின் பதிவுகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் பார்த்த மூன்றும், மணி பிழைத்த நாட்கள் எல்லாம் தெரியாததால், சேர்க்கப்படவில்லை.